கால்வாயில் ஊற்றுமுன்: தோட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஈசூனில் நம் புளோக்கின் பின்புறம் தோட்டம் வளர்க்கும் அன்பர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் குடியிருப்பாளர் குழுவினருக்கும்,

வணக்கம். நான் ஒன்பதாம் மாடிக்காரன். மின்தூக்கிக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பை மூன்று நாள்களாக ஏறும்போதும் இறங்கும்போதும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு மொழிகளிலும் இருக்கிறது. தமிழ் பிழையில்லாமல் இருக்கிறது. அதற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நம் குடியிருப்பில் மூன்று மாதமாகப் புளிக்கவைத்த பழத்தோல் என்சைம் 200 லிட்டரைப் பின்பக்கக் கால்வாயில் ஊற்றி நீரைச் சுத்தப்படுத்தப் போகிறீர்கள். பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போத்தல் செய்து கொடுத்து அனுப்பப் போகிறீர்கள். இந்த இரண்டையும் நிறுத்தும்படி கேட்கவே இந்த மடல்.

வாட்ஸ்அப் குழுவில் இதைச் சுருக்கமாக எழுதிப் பார்த்தேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் ரோஜாப்பூப் படத்தோடு பதினோரு காலை வணக்கங்கள் வந்து என் செய்தியை மேலே தள்ளிவிட்டன. அதனால்தான் இதை அச்செடுத்துக் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைக்கிறேன்.

முதலில் போத்தல் விஷயம். போன முறை நீங்கள் நடத்திய பட்டறையில் என் பேத்தியும் ஒரு போத்தல் வாங்கி வந்தாள். ஒன்றரை லிட்டர் குளிர்பானப் போத்தல். உள்ளே ஆரஞ்சுத் தோல், அன்னாசித் தோல், பழுப்புச் சர்க்கரைக் கரைசல். மேலே அவள் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். குழந்தை ஐந்து நாள் செய்தாள். பிறகு பள்ளிக்கூடத் தேர்வு வந்தது. ஒருநாள் பின்னிரவு இரண்டரை மணிக்குச் சமையலறையில் வெடிச்சத்தம். நான் எரிவாயுதான் என்று நினைத்து எழுந்து ஓடினேன். போத்தலின் அடிப்பாகம் பிய்ந்திருந்தது. மூடி, மேலே இருந்த மின்விசிறியில் பட்டுத் தெறித்து அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. சுவரில் ஆரஞ்சுத் தோல் ஒட்டியிருந்தது. என் மனைவி விளக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், முப்பது வருடம் நொதிப்புத் தொட்டி பார்த்தவன் வீட்டில் இப்படி நடக்கலாமா என்பதுபோல. அவள் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் போத்தலைத் தினமும் கடந்து போனவன் நான்தான்.

கணக்கு எளிது. உங்கள் செய்முறை ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு நீர். அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் சர்க்கரை. ஈஸ்ட் அதைச் சாராயமாக்கும்போது எடையில் ஏறத்தாழ பாதி கரியமில வாயுவாகப் போகும். 100 கிராமும் அப்படி மாறினால், நம் ஊர் வெப்பத்தில் அது 25 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும் வாயு. அதை ஒன்றரை லிட்டர் போத்தலுக்குள் பூட்டி, ஒன்பது வயதுப் பிள்ளையின் ஞாபகசக்தியை நம்பி விட்டிருக்கிறோம். இட்லி மாவு வைக்கும் பாத்திரத்தை நம் வீடுகளில் யாரும் திருகி மூடுவதில்லை, தட்டுதான் போடுகிறோம். அந்தத் தட்டுக்கு உள்ள அறிவு இந்தப் போத்தல் மூடிக்கு இல்லை.

இனி, போத்தலுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். அறிவிப்பில் இரண்டு இடத்தில் ‘உயிருள்ள என்சைம்’ என்று இருக்கிறது. என்சைமுக்கு உயிர் கிடையாது. தமிழில் நொதி என்கிறோம்; அது ஒரு புரதம், ஒரு குறிப்பிட்ட வேதிவேலையை விரைவாகச் செய்து முடிக்கும் கருவி. அதைச் செய்து வெளியே தள்ளுவது நுண்ணுயிர். தச்சன் வேறு, உளி வேறு. இந்த வேறுபாட்டை நிரூபித்தவர் ஜெர்மனியின் எடுவார்ட் புக்னர். 1897-ல் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, சாற்றைப் பிழிந்து, அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டார். உயிருள்ள செல் இல்லாமலேயே சர்க்கரை நொதித்தது. அதற்காக 1907-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம் மின்தூக்கிக் கதவுக்கு மட்டும் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் போத்தலில் முதலில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயம் தருகிறது. லாக்டிக் பாக்டீரியா புளிப்பைத் தருகிறது. மூடி திறக்கும்போதெல்லாம் காற்று புகுவதால், வினிகர் பாக்டீரியா அந்தச் சாராயத்தை அசெட்டிக் அமிலமாக்குகிறது. மூன்று மாதம் கழித்துக் கையில் இருப்பது பழவாசனை உள்ள, நீர்த்த வினிகர். இன்னொரு பட்டறையில் வாங்கி வந்த, மூன்று மாதம் முடிந்த போத்தலில் நான் அமிலத்தாள் நனைத்துப் பார்த்தேன். pH என்ற அமில அளவு மூன்றரை காட்டியது; ஏழு நடுநிலை, அதிலிருந்து குறையக் குறையப் புளிப்பு. தரை துடைக்க, குழாயில் படியும் வெள்ளைப் படிவைத் தேய்க்க அது உதவும் என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அந்த வேலையைச் செய்வது அமிலம். பெயர் மட்டும் என்சைம் வாங்கிக்கொள்கிறது. (இதைப் பிளீச்சோடு கலக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவறையைக் கதவு மூடித் தேய்ப்பவர்களுக்கு அது விளையாட்டல்ல.)

‘அன்னாசித் தோலில் என்சைம் இருக்கிறதே ஐயா’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. புரோமலெய்ன் என்ற புரதம் அறுக்கும் நொதி, பப்பாளியில் பப்பெய்ன். ஆனால் அவை நேற்று வெட்டிய தோலில் இருக்கும். புளிப்பிலும் சாராயத்திலும் மூன்று மாதம் ஊறினால் வலு குன்றும். மேலும் இவை புரதத்தை அறுப்பவை, தாமும் புரதம்; ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும். மூன்று மாதக் காத்திருப்பை நீங்கள் தவம்போலச் சொல்கிறீர்கள். நொதிக்கு அது முதுமை.

சும்மா சொல்லக் கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். ஜெலட்டின் வாங்கி வந்து வெந்நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, மூன்று கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றில் வெறும் நீர், ஒன்றில் அப்போது பிழிந்த அன்னாசிச் சாறு, ஒன்றில் அந்த மூன்று மாதத் திரவம், அதன் புளிப்பைச் சமையல் சோடாவால் தணித்த பிறகு. நம் ஊரில் ஜெல்லி என்றால் அகார்-அகார்தான். ஆனால் அது கடற்பாசி, புரதம் இல்லை, இதற்கு உதவாது. ஜெலட்டின் எதிலிருந்து எடுப்பது என்று மனைவி கேட்டாள். தோலும் எலும்பும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கிண்ணங்கள் அந்த நிமிடமே வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டன. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி இடம் கொடுத்தார். மறுநாள் காலை பார்த்தோம். நீர்க் கிண்ணம் கெட்டியாக இருந்தது. அன்னாசிக் கிண்ணம் சாறாகவே இருந்தது. புரோமலெய்ன் ஜெலட்டினைத் துண்டு துண்டாக்கிவிட்டது. மூன்று மாதக் கிண்ணம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் உறைந்திருந்தது. கரண்டியைக் குத்தினால் நிமிர்ந்து நின்றது. பாட்டி இரண்டாவது கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு போத்தலில் செய்த ஒரு சோதனைதான். உங்கள் போத்தலில் கொஞ்சம் மாறலாம். ஆனால் பட்டறையில் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை.

நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்கு என் பிழைப்பும் ஒரு காரணம். ஜூரோங்கில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றில் நீண்ட காலம் மாறுநேர வேலை பார்த்தேன். நம்மில் பலர் தொண்டை வலிக்கு விழுங்கும் அமோக்சிசிலின் இருக்கிறதே, அதன் முதற்கட்டம் இப்படி: பூஞ்சை ஒன்று பெனிசிலின் ஜி என்ற மருந்தைச் செய்து தரும். அந்த மருந்து மூலக்கூறின் வால்போன்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நடுப்பகுதியில் வேறு வால் ஒட்ட வேண்டும். பழைய வேதிமுறையில் இந்த வாலை வெட்ட, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு வேண்டும். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் வேண்டும். பெயரைக் கேட்டாலே தொண்டை எரியும்.

அதே வெட்டைப் பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதி வெறும் நீரில், நம் உடம்புச் சூட்டில் செய்துவிடும். அதைத் தருவது நம் குடலிலும் இருக்கிற ஈ.கோலை வகைப் பாக்டீரியா. நொதியை ரவை போன்ற சிறு மணிகளில் பிணைத்து வைப்போம். தொட்டியின் அடியில் சல்லடை. மருந்துக் கரைசல் உள்ளே வந்து, வெட்டுப்பட்டு, சல்லடை வழியே வெளியேறும். மணிகள் அங்கேயே கிடக்கும், அடுத்த தொட்டிக்குத் தயாராக. ஒரே மணிகளைப் பல நூறு முறை பயன்படுத்தலாம். வெட்டிய வால் ஓர் அமிலம்; அதனால் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் இரவுகள் பெரும்பாலும் அந்தச் சொட்டைப் பார்த்தே போயின. அந்த வாலுக்கு ஃபீனைல் அசெட்டிக் அமிலம் என்று பெயர். கொஞ்சமாக இருந்தால் தேன் வாசனை அடிக்கும். காலையில் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருவர், ‘கோயிலில் அபிஷேகம் முடிந்து வருகிறீர்களா?’ என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் இறங்கும் இடம் தாண்டிவிடும்.

உங்கள் வீட்டிலும் உண்மையான நொதி இருக்கிறது. துணி துவைக்கும் தூள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் புரோட்டியேஸ், அமைலேஸ் என்று இருக்கும். 1913-லேயே ஜெர்மனியின் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி ஊறவைக்கும் பொருளில் சேர்க்கக் காப்புரிமை வாங்கினார். 1960களில் பாசிலஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து, சோப்பின் காரத்தைத் தாங்கும் நொதி வந்த பிறகுதான் அது வீடு வீடாகப் போனது. செய்முறை உங்கள் போத்தலுக்கு நேர் எதிரானது. தொட்டியை 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்வார்கள். தேர்ந்தெடுத்த ஒரே ஒரு பாக்டீரியாவை விடுவார்கள். வேறு எதுவும் நுழையக் கூடாது. காற்றை ஊதி, அமிலத்தன்மையைப் பிடித்து வைத்து, சில நாள்களில் அறுவடை. பாக்டீரியா நொதியைத் தன் உடலுக்கு வெளியே கொட்டுவது நம் அதிர்ஷ்டம். வடிகட்டிச் செறிவாக்கினால் போதும். தொடக்கத்தில் இதை மென்தூளாக விற்றார்கள். அந்தத் தூளைச் சுவாசித்த பிரிட்டனின் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது 1969-ல் மருத்துவ இதழில் வெளியானது. அதன்பின்தான் நொதியை மெழுகு போன்ற பூச்சுக்குள் மணியாக அடைத்தார்கள். ‘இயற்கையானது, அதனால் தீங்கில்லை’ என்ற அறிவிப்பின் கடைசி வரிக்கு அந்தத் தொழிலாளர்களின் நுரையீரல் பதில் சொல்லும்.

வேட்டியில் சாம்பார் கொட்டினால் பருப்பின் புரதத்தைப் புரோட்டியேஸ் அறுக்கும், மாவை அமைலேஸ் கரைக்கும். மஞ்சள் நிறம் மட்டும் போகாது. அது புரதமும் இல்லை, மாவும் இல்லை. சோப்பின் காரம் பட்டால் சிவந்து பயமுறுத்தவும் செய்யும். வெயிலில் காயப் போடுங்கள், அது போகும். ஒரு நொதி ஒரு வேலைதான் செய்யும். தரை, துணி, செடி, தோல்நோய், கால்வாய் எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

கழிவிலிருந்து நொதி என்ற உங்கள் எண்ணத்தை நான் கேலி செய்யவில்லை. சோயா சாஸ் செய்யும் அதே பூஞ்சையை, மாவரைத்து மிஞ்சிய கோதுமைத் தவிட்டில் வளர்த்து, மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி எடுத்தவர் ஜப்பானியரான தகாமினே ஜோகிச்சி. 1894-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். தவிடு கழிவுதான். ஆனால் எந்தப் பூஞ்சை, எவ்வளவு ஈரம், எத்தனை நாள் என்பது அவர் கையில் இருந்தது.

இப்போது கால்வாய். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வழியில் வேறு எங்கோ போய்விட்டேன்.

சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. நம் கால்வாய் போகும் வழி லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம். நாளை நாம் குடிக்கப் போகும் நீர் அது. அதில் 200 லிட்டர் ஊற்றுவது என்றால், தொடக்கக் கணக்கில் 20 கிலோ சர்க்கரையின் மிச்சத்தை ஊற்றுவது. ஒரு லிட்டரில் 20 கிராம் அசெட்டிக் அமிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால்வாயில் உள்ள நுண்ணுயிர்கள் அதை விருந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் தின்று முடிக்க ஏறத்தாழ 21 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆக, உங்கள் ஒரு லிட்டர், 2,800 லிட்டர் நீரின் மூச்சை எடுத்துக்கொள்ளும். 200 லிட்டருக்கு 5,60,000 லிட்டர். ஓடும் நீர் காற்றிலிருந்து திரும்ப மூச்சு வாங்கிக்கொள்ளும், ஒரேயடியாக எல்லாம் நடந்துவிடாது. ஆனால் மழையில்லாத வாரத்தில், கணுக்கால் ஆழம் ஓடும் அந்தக் கால்வாயில், பாலத்தடியில் நிற்கும் மீன்களுக்கு அந்தச் சமாதானம் எட்டாது. தினமும் மாலை அவற்றை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத்தான் நீங்கள் ஊற்ற அழைத்திருக்கிறீர்கள்.

நுண்ணுயிர் நீரைச் சுத்தப்படுத்தும் என்பதும் பொய்யில்லை. கழிவுநீர் நிலையங்களில் அதுதான் நடக்கிறது. அங்கே மூச்சுத் திணறாமல் இருக்க இரவும் பகலும் காற்றை ஊதுகிறார்கள். நம் கால்வாயில் யார் ஊதுவது?

ஓசோன் பற்றிய வரியை மட்டும் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். போத்தல் ஓசோனை வெளியிட்டு வானத்து ஓட்டையை அடைக்கும் என்கிறீர்கள். நொதித்தலில் ஓசோன் வராது. வருவது கரியமில வாயு, என் சமையலறையில் வெடித்தது அதுதான். அப்படியே ஓசோன் வந்தாலும் மகிழ்வதற்கில்லை. தரைமட்டத்தில் அது மாசு. புகைமூட்டக் காலத்தில் நாம் பதற்றத்தோடு பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் அதையும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள்.

பழத்தோலைக் குப்பையில் போட மனம் வராத உங்களை நான் மதிக்கிறேன். இந்தச் சிறிய ஊரில் ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் உணவுக் கழிவு சேர்கிறது. மறுசுழற்சிக்குப் போவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதியை எரித்து, சாம்பலைச் செமாக்காவில் கொட்டுகிறோம். அந்தத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதனால் தோலைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். ஆனால் சர்க்கரை எதற்கு? 200 லிட்டருக்கு 20 கிலோ சர்க்கரை விலை கொடுத்து வாங்கி, 60 கிலோ தோலைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். தோட்டத்து மூலையில் காய்ந்த இலையோடு அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டினால் அதே தோல் சர்க்கரை இல்லாமலேயே உரமாகும். அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களின் நொதிதான் நீங்கள் தேடிய நொதி. போத்தலில் அடைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஏற்கெனவே செய்து வைத்த 200 லிட்டரை வீணாக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு போத்தலாகப் பிரித்துக் கொடுங்கள், மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு. நீர் கலந்து தரை துடைக்கட்டும். துடைத்த நீரைக் கழிவறையில் ஊற்றச் சொல்லுங்கள்; அது போய்ச் சேரும் இடத்தில் காற்று ஊதக் காத்திருக்கிறார்கள். சனிக்கிழமைப் பட்டறையை நிறுத்த வேண்டாம், கால்வாய்ப் பகுதியையும் பிள்ளைகளுக்குப் போத்தல் செய்து கொடுப்பதையும் மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தால் மூன்று கிண்ணங்களையும் பிள்ளைகள் முன்னால் வைக்கிறேன்.

எட்டரை மணிக்கே வந்துவிடுகிறேன். அமிலத்தாள், அன்னாசி, ஜெலட்டின் எல்லாம் என் பொறுப்பு. கிண்ணம் கழுவுவதும் என் பொறுப்பு. கிண்ணங்களை முந்தின இரவே உறைய வைக்க வேண்டும். எதிர்வீட்டுப் பாட்டி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டு இடம் தரக்கூடியவர்கள், ஜெலட்டின் எதிலிருந்து எடுப்பது என்று தெரிந்தே, வெள்ளிக்கிழமைக்குள் என் கதவைத் தட்டுங்கள்.

அன்புடன்,
ஒன்பதாம் மாடிக்காரன்